பிறந்த வருடப் பக்கம்: ஓட்டிசக் கணக்கை எழுதும் முறை

"என் பகுதியில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் முந்தி இரண்டு பேர், இப்ப ஏழு பேர்" என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். "எத்தனை பேரில் ஏழு?" என்று கேட்டார் ஒரு டொக்டர். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இருபது வருடம் சைக்கிள் மிதித்த குடும்பநல மாது நான், வாயடைத்துப் போனேன். அன்றிரவே புதுக் கொப்பி போட்டேன்.

பிறந்த வருடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்த வருடம் பிறந்து, இப்போது பகுதியில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் அதில் வரவேண்டும். கிளினிக்குக்கு வருகிறவர்களை மட்டும் எழுதினால் கணக்குப் பிழைக்கும். எங்கள் ஊரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: கனடாவுக்குப் போன பிள்ளையின் பெயர் பழைய பதிவில் கிடக்கும், வன்னியிலிருந்து வந்த பிள்ளையின் பெயர் இராது. வருடத்துக்கு ஒருக்கால் கிராம அலுவலரிடமும் முன்பள்ளி ரீச்சரிடமும் ஒத்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் போனபிறகு, மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் பீஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்கலாம்.

'சந்தேகம்', 'டொக்டர் உறுதி செய்தது' இரண்டுக்கும் தனித்தனி நிரல், திகதியோடு. மேலே அனுப்பும்போது எண்ணிக்கை மட்டும். பெயர் கொப்பியோடு நிற்கட்டும்.

ஒப்பிடும்போது ஒரே வயதை ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் எட்டு வயதுக்காரரை எண்ணுகிறார்கள். 2000இல் 150 பேருக்கு ஒருவர், 2022இல் 31 பேருக்கு ஒருவர். இதைப் பார்த்துப் பதறுகிற ஆட்களுக்கு நான் சொல்வது: இடையில் 2013இல் ஓட்டிசத்தின் வரையறையே மாறியது, தேடுகிற கண்களும் கூடின. அதே 2022இல் டெக்சாஸின் லரேடோவில் ஆயிரத்துக்கு 9.7, கலிபோர்னியாவில் கணக்கெடுத்த பகுதியில் 53.1. பிள்ளைகளா அவ்வளவு வேறு? இலங்கையில் 2009இல் வெளியான ஆய்வில் 93 பேருக்கு ஒருவர். ஆனால் அது 18 முதல் 24 மாதக் குழந்தைகளின் கணக்கு. எட்டு வயதுக் கணக்குக்குப் பக்கத்தில் அதை வைக்கக்கூடாது.

வருடத்துக்கு 50 பிறப்பு என்றால், அந்த 93 கணக்கில் இரண்டு வருடத்துக்கு ஒரு பிள்ளைதான். ஒரு குடும்பம் வீடு மாறினாலே எல்லாம் தலைகீழ். நாலைந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள், பக்கத்துப் பகுதியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டில் மூத்தவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் சைக்கிள் மணி கேட்டதும் தம்பியைக் குசினிக்குள் அனுப்பிவிடுவார்கள். "கதைக்கப் பிந்துது, வேற ஒண்டுமில்லைப் பிள்ளை" என்பார் அம்மம்மா. கலியாணம் முடிந்த மாதம் தாயே அவனைக் கூட்டி வந்தார். அப்போது அவனுக்கு ஆறு வயது. வந்த வருடத்தில் எழுதியிருந்தால் அந்த வருடம் ஓட்டிசம் கூடினமாதிரித் தெரிந்திருக்கும். ஆறு பக்கம் பின்னால் புரட்டி அவன் பிறந்த வருடத்தில் எழுதினேன். அங்கே ஒன்றாக இருந்தது இரண்டானது.