முதல் குவில்ட் போர்வை: மூன்று அடுக்கைத் தைப்பதற்கு முன்பே நேரும் தவறுகள்

துண்டுத் துணிகளை இணைத்து மேல்பாகம் ஒன்றை உருவாக்கி, நடுவில் பஞ்சு விரிப்போ மென்துணியோ வைத்து, அடியில் ஒரு முழுத்துணியை விரித்து, மூன்றையும் ஊடுருவித் தைப்பதே குவில்டிங். இதைப் பொழுதுபோக்காகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கடைசியில் வரும் மூவடுக்குத் தையலை நினைத்தே அஞ்சுகிறார்கள். ஆனால் கோணிப்போன ஒரு போர்வையைப் பிரித்துப் பார்த்தால், குறை துணியைத் தேர்ந்ததிலோ வெட்டியதிலோ இருப்பதைத்தான் அதிகம் காணலாம். இறுதித் தையல் அந்தக் குறையை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

எடுத்த எடுப்பில் இரட்டைக் கட்டிலுக்கான போர்வையில் கைவைப்பது அனைத்துக்கும் முந்தைய தவறு. தைத்து முடிந்தபின் 4 அங்குலம் இருக்கும் சதுரங்களைக் கொண்டு 36 அங்குலக் குழந்தைப் போர்வை ஒன்று செய்ய 81 துண்டுகள் போதும். அதே சதுரங்களில் 88-க்கு 100 அங்குலப் போர்வை என்றால் 550 துண்டுகள் வேண்டும். எண்ணிக்கையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; சாதாரண வீட்டுத் தையல் இயந்திரத்தில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே ஒரு சாணுக்கும் குறைவான இடமே இருப்பதால், மூன்று அடுக்குள்ள பெரிய போர்வையைச் சுருட்டி அதற்குள் திணித்து ஓட்டுவது பழகிய கைக்கே கடினம். பாதியில் நின்றுபோய் அலமாரியில் கிடக்கும் போர்வைகளில் பல இப்படிப் பெரிதாகத் தொடங்கப்பட்டவையே.

அடுத்தது துணி. தையல் கடையில் மிஞ்சும் வெட்டுத்துணி மூட்டை இலவசமாகக் கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆயினும் அதில் பருத்தி, பாலியெஸ்டர் கலந்த ரவிக்கைத் துணி, ரேயான், லைனிங் என்று எல்லாம் கலந்தே இருக்கும். பருத்தித் துணி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். பாலியெஸ்டர் அப்படிச் சுருங்குவதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துத் தைத்தால் துவைத்தபின் ஒன்று இழுக்க, மற்றொன்று உப்பி நிற்கும். ஐயம் இருந்தால், இரண்டு மூன்று இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்து எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மென்சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக இறுகும்.

வெட்டுவதற்கு முன் துணிகளை நனைத்துக் காயவைக்காமல் விடுவதும் இதே வகைத் தவறுதான். சுங்குடி, கலம்காரி போன்ற கையால் சாயமிட்ட துணிகளும் அடர்சிவப்பு, கருநீலத் துணிகளும் முதல் சில சலவைகளில் சாயம் விடக்கூடியவை. உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அதை நம்பி வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டாம். ஈரத் துணியின்மேல் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பார்த்து, அதில் கறை படியாத வரை அலசுவதே சரியான சோதனை. பழைய பருத்திச் சேலைகளைப் பயன்படுத்துவோர், ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழை நைந்த இடங்களை ஒதுக்கிவிட வேண்டும். ஏனெனில் புதிய, உறுதியான துணியோடு சேரும்போது நைந்த துணி தையல் ஓரத்தில் கிழிந்துவிடும்.

வெட்டும்போது பாவும் ஊடும், அதாவது துணியின் நெட்டிழையும் குறுக்கிழையும், நேராக நிற்கும்படி வெட்ட வேண்டும். முக்கோணங்கள் வரும் வடிவங்களில் ஒரு விளிம்பு மூலைவாட்டில்தான் அமையும்; தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் இந்த விளிம்பு, கைபட்டாலே நீளக்கூடியது. துணிக்கு வெட்டுவதற்கு முன்பே கஞ்சி போட்டு, விறைப்பாகத் தேய்த்துவிட்டால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

தையலுக்கு ஓரத்தில் விடும் இடம் கால் அங்குலம், அதாவது தச்சர் கணக்கில் 2 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). ரவிக்கை தைத்துப் பழகியவர்கள் அரை அங்குலமும் அதற்கு மேலும் விடுவார்கள். பிறகு பிரித்துக்கொள்ள அங்கே அது தேவை. குவில்டிங்கில் அந்தப் பழக்கமே பகையாகிவிடுகிறது. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அரை நூல் மட்டும் கூடிப்போனால், ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நூல் குறையும்; 12 துண்டுகள் கொண்ட வரிசையில் 11 தையல்கள் இருப்பதால், வரிசையே 1 அங்குலம் 3 நூல் குட்டையாகிவிடும். எல்லாச் சதுரங்களும் ஒரே அளவாக இருக்கும் போர்வையில், எல்லாத் தையலும் ஒரே அளவில் கூடியிருந்தால், இது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடலாம். நான்கு சிறு சதுரங்களை இணைத்த கட்டத்துக்கு அருகில் ஒரே துண்டான கட்டத்தை வைக்கும்போதுதான் பொருந்தாமை வெளிப்படும். ஒன்றில் நடுத்தையல் உண்டு, மற்றதில் இல்லை. அப்போது இழுத்துப் பிடித்துத் தைப்பது இரண்டாவது தவறு. ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று கீற்றுகளை நீளவாக்கில் இணைத்து நடுக்கீற்றை அளந்து பாருங்கள். அது சரியாக ஓர் அங்குலம் இருந்தால் உங்கள் தையல் சரி. இல்லையேல் இயந்திரத்தின் தட்டில் ஒரு ஒட்டுநாடாவை எல்லையாக ஒட்டி, திரும்பவும் சோதியுங்கள். சதுரத்தைக் குறுக்கே வெட்டி முக்கோணம் எடுப்பவர்கள், முடிந்த அளவைவிட 7 நூல் கூட்டி அந்தச் சதுரத்தை வெட்ட வேண்டும்.

இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டக்கூடாது. வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். ஓட்டினால் துண்டுகள் வளையும்.

மேல்பாகத்துக்குக் கரை வைக்கும்போது, நீண்ட கீற்றை ஓரத்தோடு ஒட்டித் தைத்துக்கொண்டே போய் மிஞ்சியதை நறுக்குவது எளிதாகத் தோன்றும். அப்படி வைத்த கரை அலையலையாக நெளிவதற்குக் காரணம், போர்வையின் ஓரம் கைபட்டு ஏற்கெனவே நீண்டிருப்பதே. போர்வையின் நடுவே அளந்து, அந்த அளவுக்குக் கீற்றை வெட்டி, இரு முனைகளிலும் நடுவிலும் ஊசி குத்திய பிறகே தைக்க வேண்டும்.

நடு அடுக்கைப் பற்றி, நம் வெப்பத்தை மறந்துவிட்டுப் பலர் முடிவெடுக்கிறார்கள். குளிர்நாட்டுக் குவில்டுகளைப் பார்த்துத் தடித்த பாலியெஸ்டர் விரிப்பை வைத்தால், சென்னையிலோ மதுரையிலோ அதைப் போர்த்திக்கொள்ள இரவே வாய்க்காது. பருத்தி ஃபிளானல் அல்லது பழைய நூல் சேலையே இங்கு போதும். இலவம்பஞ்சை அப்படியே பரப்பித் தைத்தால் துவைக்கும்போது ஓரிடத்தில் திரண்டுவிடும். வங்கத்துக் காந்தா போர்வைகளில் பழைய சேலைகளையே அடுக்கி ஓட்டுத்தையல் போடுகிறார்கள். வட கர்நாடகத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையிலும் பஞ்சு கிடையாது. கவந்தியில் துண்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச்சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள்; மூலைகள் நேராகச் சேரவேண்டும் என்ற கட்டாயமும் அங்கில்லை. அளவுக் கணக்கே பிடிக்காதவர்கள் அந்த வழியில் தொடங்குவதில் ஒரு குறையும் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் மேல்பாகத்தை முன்பே இணைத்துவிட்டவர்கள் அதைப் பின்பற்றக்கூடாது. அவர்கள் நடுவிலிருந்து வெளியே தைத்தால்தான் சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறும்.

அடித்துணி நான்கு பக்கமும் 3 முதல் 4 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். அதைத் தரையில் சுருக்கமின்றி, ஆனால் விறைக்க இழுக்காமல் ஒட்டுநாடாவால் ஒட்டி, மற்ற அடுக்குகளை விரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்த வேண்டும். இந்த வேலை முதுகை வலிக்கச் செய்வதால் பலரும் இங்கே கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். பின்பக்கம் மடிப்பு விழுந்து தைபடுவது இதனால்தான். தையல் நீளத்தை 2.5 முதல் 3 மில்லிமீட்டருக்குள் வைத்து, நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் தளர்வாகவும் போடாமல், எங்கும் ஒரே அடர்த்தியில் தைக்க வேண்டும். நீரில் அழியும் நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தால், அலசும்வரை அதன்மேல் சூடு படக்கூடாது; பட்டால் கறை நிலைத்துவிடும். சுண்ணக்கட்டியில் அந்த அபாயம் இல்லை.

போர்வையின் வெளிவிளிம்பை மூடும் ஓரப்பட்டிக்கு இரண்டரை அங்குலக் கீற்றுகளை நீளவாக்கில் இரண்டாக மடித்துப் பயன்படுத்தலாம். மூலையில் தொடங்காமல் ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்குங்கள். முடிந்த போர்வையை உள்ளே வைப்பதற்குமுன் கஞ்சி போகத் துவைத்துவிட வேண்டும், ஏனெனில் வெள்ளிமீன் பூச்சிக்குக் கஞ்சி நல்ல உணவு. பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்துப் பருத்தித் தலையணை உறைக்குள் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் கிடக்கும் இடத்தில்தான் இழை முதலில் நையும்.