ராட்சதப் பரங்கி: எந்தக் கொடியை வெட்டுவது, எதை விடுவது

பரங்கிக் கொடியை அதன் போக்கில் ஓட விட்டால் காய் நிறைய வரும், எல்லாம் சந்தைக்கூடையில் அடுக்குகிற அளவில். ஒரே காய், அதுவும் தனி ஆளால் தூக்க முடியாத காய் வேண்டுமென்றால் கத்தரிக்கோலை எடுத்தாக வேண்டும். அணைக்கட்டுப் பக்கம் எங்கள் கொல்லையில் நான் கவாத்து செய்யும்போது வரப்பில் போகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஏன்க்கா, நல்லா ஓடற கொடிய போய் நறுக்குற?" அவர்களுக்கு நின்று சொல்ல நேரம் இருப்பதில்லை. அதை இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

விதையிலிருந்து தொடங்க வேண்டும். நம்ம ஊர் கோ 1 ரகம் 7, 8 கிலோ காய்க்கும். எவ்வளவு கவாத்து செய்தாலும் அது ராட்சதக் காய் ஆகாது. இதற்கென்றே ‘அட்லாண்டிக் ஜெயன்ட்’ என்ற ரகம் இருக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி வருஷக்கணக்கில் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. 2025இல் இங்கிலாந்தில் பேட்டன் சகோதரர்கள் உலக சாதனையாக எடை போட்ட காய் 1,278 கிலோ. அவர்களுடைய குளிர்ந்த ராத்திரி நமக்குக் கிடையாது, அந்த எடையும் இங்கே வராது. ஆனால் காலம் பார்த்து விதைத்தால் நம் மண்ணிலும் பிரமாதமான காய் எடுக்கலாம். திருவண்ணாமலை தீபம் முடிந்ததும் விதையுங்கள். தை கடைசியில் பூ வரும். மாசி, பங்குனியில் காய் பெருத்து, அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் முடிந்துவிடும்.

ஒரு செடிக்கு ஒன்றரை சென்ட் இடம் ஒதுக்குங்கள். அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் பின்னால் வருத்தப்படுவீர்கள். செடியில் முதல் நிஜ இலை எந்தப் பக்கம் விரிகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் தாய்க்கொடி ஓடும். நாற்றை நடும்போதே அந்த இலையைக் காலி இடத்துக்கு முதுகு காட்டுகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். கொடி நிமிர்ந்து நின்று தரையில் சாயும் சமயம் காற்று அடித்தால் அடியோடு முறியும். இரண்டு மூங்கில் குச்சியைக் கொடியின் மேல் குறுக்காக ஊன்றி வையுங்கள்.

இனி கவாத்து. இலை சமைக்கிறது, கொழுந்து தின்கிறது, காயும் தின்கிறது. தின்கிற கொழுந்துகளைக் குறைத்தால் மிச்சம் காய்க்குப் போகும். அதனால் வெட்டுவது எப்போதும் கொழுந்து நுனியைத்தான். பச்சையாக இருக்கும் ஆரோக்கியமான இலையை ஒருபோதும் கிள்ளாதீர்கள். "காய்க்கு வெயில் படட்டும்" என்று இலையைக் கழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். காய்க்கு வெயில் வேண்டாம், இலைக்குத்தான் வேண்டும்.

தாய்க்கொடியின் ஒவ்வொரு கணுவிலும் பக்கக்கொடி கிளம்பும். இரண்டு பக்கமும் செங்குத்தாக, மீன் முள் மாதிரி, ஓட விடுங்கள். அடியில் இருப்பவை 10, 12 அடி வந்ததும் நுனியைக் கிள்ளி, அந்த முனையை மண்ணில் புதையுங்கள். நுனிப்பக்கத்தில் இருப்பவற்றைக் கொஞ்சம் குட்டையாகவே நிறுத்தலாம். இந்தப் பக்கக்கொடிகளின் கணுவிலிருந்து மறுபடி மூன்றாம் கொடி வரும். அவற்றை விரல் நீளத்தில் பார்த்த உடனேயே கிள்ளிவிட வேண்டும். காய் பிடித்த பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை கொல்லையைச் சுற்றி வராவிட்டால் புதராகிவிடும். உள்ளே காற்று போகாமல் சாம்பல் நோய் வந்து உட்காரும். சுருள் கம்பிகளையும் கிள்ளிவிடலாம், பக்கத்து இலையைச் சுற்றி இழுக்கும்.

வெட்டுவது காலையில், வெட்டுவாய் அன்றே காய்ந்துவிடும். கொடியை வளைப்பது மதியத்துக்கு மேல். காலையில் தண்ணீர் ஏறி விறைப்பாக இருக்கும் கொடி பட்டென்று ஒடியும், வெயிலில் தளர்ந்தது சொன்னபடி கேட்கும்.

வெட்டுவதில் காட்டும் அக்கறையைப் புதைப்பதிலும் காட்டுங்கள். கணு ஒவ்வொன்றிலும் வேர் விடும் சக்தி இருக்கிறது. கொடியின் பக்கத்தில் இரண்டு அங்குல ஆழம் கீறி, கணுவை அதில் அழுத்தி, மக்கிய எருவும் செம்மண்ணும் கலந்து மூடுங்கள். இலைக்காம்பு வெளியே நிற்கட்டும். ஒரே அடிவேரை நம்பி இருந்த செடி கொல்லை முழுக்க வேரோடு குடிக்க ஆரம்பிக்கும். காற்றுக்கும் அசையாது.

தாய்க்கொடியில் 10 அடிக்கு மேல், 15 அடிக்குள் வரும் பெண் பூதான் நமக்கு வேண்டியது. அடியில் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. முந்தின சாயங்காலமே நூலால் வாயைக் கட்டி வைத்து, விடிந்ததும் ஆண் பூவின் இதழைக் கிழித்துத் தண்டோடு பிடித்துத் தடவுங்கள். வெயில் ஏறினால் மகரந்தம் செத்துவிடும். இரண்டு மூன்று பிஞ்சு பிடிக்க விட்டு, தேங்காய் அளவு வந்ததும் வேகமாகப் பெருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அறுத்துவிடுங்கள். அறுக்கக் கை வராது. அறுத்தே ஆக வேண்டும். காய்க்கு அப்பால் தாய்க்கொடியை இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி ஓட விட்டு நுனியைக் கிள்ளுங்கள்.

பலர் கோட்டை விடுவது காயைச் சுற்றித்தான். காய் பெருக்கும்போது தோள் உயர்ந்து காம்பைத் தூக்கும். அங்கே கொடி வேரூன்றி இருந்தால் காம்பு கிழியும். அதனால் காய்க்கு இருபுறமும் மூன்று அடிக்குக் கணுவைப் புதைக்காதீர்கள், தானாக விட்ட வேரையும் அறுத்துவிடுங்கள். காய் சின்னதாக இருக்கும்போதே, நாளுக்குக் கொஞ்சமாக, கொடியைக் காயின் தோளிலிருந்து விலக்கி வளையுங்கள். காம்பு கொடிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். காயை நெருக்கும் பக்கக்கொடியையும் அப்போதே எடுத்துவிடுங்கள். காய்க்கு அடியில் மணல் பரப்பி, மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். வெயில் நேரே பட்டால் தோல் இறுகி வெடிக்கும்.

தேமல் (இலையில் திட்டுத் திட்டாக மஞ்சள் விழும் நோய்) விழுந்த செடியைக் கடைசியாகத் தொடுங்கள். தொட்ட கத்தரிக்கோலைச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் அடுத்த செடிக்குப் போகாதீர்கள். மருந்து அடிக்காத கொடியில் கிள்ளிய இளங்கொழுந்தைப் பருப்போடு கூட்டு வைக்கலாம். அடித்திருந்தால் மாட்டுக்குக்கூடப் போடாமல் புதைத்துவிடுங்கள்.