ஊருக்குப் போகுமுன் விருந்து வைப்பவர்கள் விடும் பிழைகள்

போன சனிக்கிழமை கனடாவில், ஸ்காபரோவில் ஒரு இளம் தம்பதி வீட்டில் விருந்து. தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணத்தில் நிற்கப் போகிறார்கள். பிறகு சென்னை, மதுரை எல்லாம் சுற்றிவிட்டு, ரொறன்ரோவில் பனி கரைந்த பிறகுதான் திரும்புவார்களாம். கொத்து ரொட்டி, ரோல்ஸ், முப்பது பேர். சாப்பாட்டுக்கு நடுவில் அந்தத் தம்பி வீட்டுத் திறப்பைத் தூக்கிக் காட்டி, "நாங்கள் இல்லாத நேரம் ஆராவது இடைக்கிட எட்டிப் பாருங்கோ" என்றான். எல்லாரும் "ஓம், ஓம்" என்றார்கள். எனக்கு வாயில் வைத்த ரோல்ஸ் இறங்கவில்லை. இதே வசனத்தை, இதேமாதிரி ஆட்கள் நிறைந்த வீட்டில், நானும் ஒருகாலம் சொன்னவன்.

பாஸ்போர்ட் காலாவதி, விசா, மருந்துச் சீட்டு பற்றியெல்லாம் உங்கள் அம்மாவே தொலைபேசியில் நூறு தடவை சொல்லியிருப்பார். அவற்றை விடுகிறேன்.

விருந்தைப் பயணத்துக்கு முதல்நாள் வைப்பது

வேண்டாம். பத்து நாள் முன்னதாக வையுங்கள். யாரோ ஒரு பிள்ளையின் தடிமனை வாங்கிக்கொண்டு டுபாய் வரைக்கும் மூக்கைச் சிந்திக்கொண்டு போன அனுபவம் எனக்கு உண்டு.

"ஆராவது பாருங்கோ" என்று பொதுவில் சொல்வது

நான் இதைச் சொன்ன வருடம் நாங்கள் பத்துக் கிழமை ஊரில் நின்றோம். திறப்பு சமையலறை மேசையில் இருந்தது. ஒருவர் எடுத்தார். அவர் இன்னொருவரிடம் கொடுத்தார். அவர் தன் வீட்டு லாச்சிக்குள் போட்டார். ஒவ்வொருவரும் மற்றவர் போய்ப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவரும் போகவில்லை.

தை மாதக் கடைசியில் மைனஸ் 20 வரை குளிர் போனபோது வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுவிட்டது. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். வெளிச்சுவரோடு போன மேல்மாடிக் குழாய் அதைத் தாங்கவில்லை. உறைந்து கிடக்கும் வரை ஒன்றும் தெரியாது, குளிர் கொஞ்சம் இளகியதும்தான் தண்ணீர் கொட்டத் தொடங்கும். கராஜ் கதவுக்குக் கீழே தண்ணீர் வழிந்து வருவதைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்டுதான் எங்களுக்குத் தகவல் வந்தது. நான் அப்போது நல்லூரில் வெறும் மேலோடு விசிறிக்குக் கீழே படுத்திருந்தேன்.

சீலிங் விழுந்து, பேஸ்மென்ற் முழங்கால் அளவு தண்ணீர். சரி, காப்புறுதி இருக்கிறதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். காப்புறுதிக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "வீட்டை ஒவ்வொரு நாளும் யார் வந்து பார்த்தது?"

கனடாவில் பல வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்களில் இந்த நிபந்தனை இருக்கிறது. குளிர்காலத்தில் தொடர்ந்து 4 நாளுக்கு மேல் வீட்டில் ஆளில்லை என்றால், குழாய் உறைந்து வெடித்த சேதத்துக்குக் காசு இல்லை. வீடு சூடாக இருக்கிறதா என்று தினமும் ஒருவர் உள்ளே வந்து பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வெறுமையாக்கியிருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. ஒரு சதமும் வரவில்லை.

எரிச்சல் காசுக்காக மட்டும் அல்ல. திரும்பி வந்த பிறகு, அந்த விருந்தில் இரண்டு தரம் கொத்து வாங்கிச் சாப்பிட்ட நண்பர் சொன்னார்: "என்னட்டச் சொல்லியிருந்தால் நான் போயிருப்பனே." இப்போதும் அவரைக் கண்டால் எனக்குக் காது சூடாகும்.

பத்துக் கிழமையும் தினமும் வந்து பார்க்கும் நண்பர் யாருக்கும் கிடைக்கப் போவதில்லை. ஆகவே, பேஸ்மென்றில் தண்ணீர் மெயின் வால்வைப் பூட்டுங்கள். பிறகு மேல்மாடியிலிருந்து கீழ்வரை எல்லாக் குழாய்களையும் திறந்து தண்ணீரை வடிய விடுங்கள், ரொய்லற்றையும் ஒருதரம் அடித்து விடுங்கள். சுடுதண்ணீர்த் தாங்கியும் ரேடியேற்றரும் உள்ள வீடுகளுக்குச் செய்முறை வேறு, பிளம்பரைக் கேளுங்கள். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று ஹீற்றரை நிறுத்தாதீர்கள், 15 பாகையிலாவது வையுங்கள். விருந்துக்கு முதல் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து இந்தப் பகுதியை வாசியுங்கள். விளங்காவிட்டால் முகவரிடம் ஈமெயிலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கிழமைக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க ஒரே ஒருவரிடம், பெயர் சொல்லி, திறப்பைக் கையில் கொடுங்கள். வால்வு எங்கே, ஃபர்னஸ் எங்கே என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பார்சல்

விருந்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பொதி இருக்கும். "சின்னன்தான், கொழும்பில தம்பி வந்து எடுப்பான்" என்பார்கள். பல விமானங்களில் ஒருவருக்கு 23 கிலோப் பெட்டி இரண்டுதான். விருந்துக்குக் கூப்பிடும்போதே "பெட்டியில் இடமில்லை" என்று சொல்லிவிடுங்கள். மனுசிக்குச் சங்கடமாக இருந்தால் பழியை என் மேல் போடுங்கள். மறுக்கவே முடியாத ஆள் என்றால், அவருக்கு முன்னாலேயே பொதியைப் பிரித்துப் பாருங்கள். ஒருமுறை சொக்லேற் என்று தந்த பொதிக்குள் பவர் பாங்க் இருந்தது. அது பெட்டிக்குள் போடக்கூடாத சாமான், கைப்பையில்தான் வர வேண்டும். பலர் காசு வைத்துத் தரும் கடித உறைகளிலும் கவனம் தேவை: எல்லாம் சேர்ந்து 10,000 கனேடிய டொலரைத் தொட்டால், கனடாவை விட்டு வெளியேறும்போது அறிவிக்க வேண்டும்.

விருந்துப் படத்தைப் பயணத் திகதியோடு முகநூலில் போடுவது

கள்ளனுக்கும் முகநூல் இருக்கிறது.

நாள் கணக்கு

"ஆறு மாதம் வரை வெளியில் நிற்கலாம், பரவாயில்லை" என்று விருந்துகளில் எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். ஆனால் கணக்கு ஒரு பயணத்துக்கு மட்டும் அல்ல. ஒன்ராறியோவின் ஓஹிப் மருத்துவக் காப்பீட்டுக்குப் பொதுவிதி, எந்த 12 மாதத்திலும் 212 நாளுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே நிற்கக் கூடாது என்பது. ஓய்வுபெற்றவர்கள் கோடையிலும் ஒரு கலியாணத்துக்கு லண்டன் போய் வந்து, அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

கார்

பற்றரி வயரைக் கழற்றி விடுங்கள். அவ்வளவுதான்.

அந்தத் தம்பியை அன்றிரவே பேஸ்மென்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மெயின் வால்வு எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு அரிசி மூட்டைக்கும் ஒரு பழைய சூட்கேஸுக்கும் பின்னால் இருந்தது. திருகிப் பார்த்தோம், அசையவில்லை. மேலே யாரோ பாட்டுப் போட்டுவிட்டார்கள். அவன் படியிலேயே குந்தியிருந்து பிளம்பருக்கு மெசேஜ் அடித்தான்.