எஸ்ஏடி மதிப்பெண்ணை ரத்து செய்வதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்வு மையத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் பிழைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். ஓர் எண்ணின் மும்மடங்குடன் 6 சேர்த்தால் 21. அந்த எண்ணுடன் 2 சேர்த்தால் எவ்வளவு என்று கேட்டிருப்பார்கள். எண் 5 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அவசரத்தில் 5 என்றே விடைக் கட்டத்தில் தட்டிவிட்டு வந்திருப்பார் மாணவர். கேட்டதோ 7. இப்படி இரண்டு மூன்று கேள்விகள் உறுத்தத் தொடங்கினால், அன்று இரவே "இந்த மதிப்பெண்ணே வேண்டாம், ரத்து செய்துவிடலாம்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்ஏடி தேர்வின் விதிகள் அதற்கு இடம் தருகின்றன. ஆனால் மதிப்பெண்ணைப் பார்க்காமலே அதைத் தூக்கி எறிவது, பெரும்பாலான மாணவர்களுக்கு நஷ்டம்தான் என்பது என் உறுதியான கருத்து.

முதல் தவறு, நினைவில் நிற்கும் பிழைகளைக் கொண்டு மதிப்பெண்ணைக் கணிப்பது. சரியாகப் போட்ட விடை மனதில் தங்குவதில்லை. சறுக்கியது மட்டுமே தங்கும். தேர்வில் மொத்தம் 98 கேள்விகள்: வாசிப்பு-எழுத்துப் பிரிவில் 54, கணிதத்தில் 44. இவற்றில் 8 கேள்விகள் பின்னாளைய தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை, அவற்றுக்கு மதிப்பெண்ணே கிடையாது. உங்களைத் தூங்கவிடாத கேள்வி அந்த எட்டில் ஒன்றாகவும் இருக்கலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கமும் 2016-லேயே போய்விட்டது.

ஒரு பிரிவின் இரண்டாம் மாட்யூல் (பகுதி) மிகக் கடினமாக இருந்தது என்று கலங்கி ரத்து செய்வது இதைவிடப் பெரிய தவறு. டிஜிட்டல் எஸ்ஏடியில் ஒவ்வொரு பிரிவும் இரண்டு மாட்யூல்களாக வருகிறது. முதல் மாட்யூலை நன்றாகச் செய்தவருக்குத்தான் கடினமான இரண்டாம் மாட்யூல் திறக்கும். உயர்ந்த மதிப்பெண்ணுக்கு வழியும் அதுதான். திணறினோம் என்பதையே தோல்வியின் அடையாளமாக எடுத்துக்கொண்டால், நன்றாக எழுதியவரே தன் உழைப்பை அழித்துவிட நேரும்.

நண்பர்களோடு விடைகளை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பதும் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே கேள்விகள் வருவதில்லை. தேர்வுக் கேள்விகளை வெளியே பகிர்வது, எஸ்ஏடியை நடத்தும் அமைப்பான காலேஜ் போர்டின் விதிகளுக்கு மாறானது. அதற்காக அவர்களே உங்கள் மதிப்பெண்ணை ரத்து செய்யவும் முடியும். பெற்றோரும் அன்று இரவே "எதையெல்லாம் விட்டாய்?" என்று குறுக்கு விசாரணை செய்யாமல் இருக்க வேண்டும். களைத்துப் போன பிள்ளையை அந்தக் கேள்விகள் பீதியில் தள்ளும்; பீதியில்தான் ரத்துப் படிவம் கையெழுத்தாகிறது.

"குறைந்த மதிப்பெண்ணைக் கல்லூரிகள் பார்த்துவிடுமே" என்ற பயம் பலருக்கு உண்டு. எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதை மாணவரே தேர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் கேட்டுவந்த ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் போன்றவை சிலவே. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் அதன் இணையதளத்தில் படித்துவிடுங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கை முடிவில் எஸ்ஏடி மதிப்பெண்ணைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ரத்து என்றால் முழுத் தேர்வும் போய்விடும். கணிதத்தை மட்டும் நீக்கிவிட்டு வாசிப்பை வைத்துக்கொள்ள முடியாது. பல கல்லூரிகள் வெவ்வேறு தேதிகளில் கிடைத்த சிறந்த பிரிவு மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்க்கின்றன. மே மாதம் வாசிப்பில் 720, கணிதத்தில் 640; ஆகஸ்டில் வாசிப்பில் 680, கணிதத்தில் 750 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக 1360, 1430. சேர்த்துப் பார்த்தால் 1470. கணிதத்தில் சொதப்பியதாக நினைத்து மே மாதத் தேர்வை ரத்து செய்திருந்தால் அந்த 720 இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். ரத்தான மதிப்பெண்ணை மீட்க வழியே இல்லை. அது எவ்வளவு என்பது உங்களுக்கும் தெரியவராது. கட்டணமும் திரும்பாது.

பலர் ரத்தையும் இலவச மதிப்பெண் அறிக்கையையும் குழப்பிக்கொள்கிறார்கள். பதிவு செய்யும்போது நான்கு கல்லூரிகளை இலவசமாகக் குறித்திருந்தால், மதிப்பெண் வந்ததும் அது நேராக அங்கே போகும். அதுதான் கவலை என்றால், தேர்வு முடிந்து ஒன்பது நாட்களுக்குள் உங்கள் காலேஜ் போர்டு கணக்கில் நுழைந்து அந்தக் கல்லூரிகளை நீக்கிவிடுங்கள். இலவசமாக அனுப்புவதால் மிச்சமாகியிருக்கக்கூடிய சில டாலர் போகும், அவ்வளவுதான்.

அப்படியானால் யார் ரத்து செய்யலாம்? தேர்வின் நடுவே காய்ச்சலோ வாந்தியோ வந்து ஒரு பிரிவின் பாதியைத் தொடவே முடியாமல் போனவர், அதிலும் எல்லா மதிப்பெண்ணையும் கேட்கும் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர். இவர்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. மடிக்கணினியோ தேர்வை எழுதும் புளூபுக் செயலியோ கோளாறு செய்திருந்தால் அது வேறு விஷயம்; அதை அறையிலேயே கண்காணிப்பாளரிடம் சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள்.

யோசித்துத்தான் முடிவெடுத்தீர்கள் என்றால், காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். வார இறுதியில் எழுதிய தேர்வுக்கு, கையெழுத்திட்ட படிவம் நான்காவது வேலை நாள், பெரும்பாலும் வியாழக்கிழமை, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 11.59-க்குள் காலேஜ் போர்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சென்னையில் எழுதியவருக்கு அது வெள்ளிக்கிழமை காலை 9.29, நவம்பர், டிசம்பர் தேர்வுகளுக்கு 10.29. சனிக்கிழமை மாலையே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை. செவ்வாய், புதன் வரை பொறுத்திருந்து, கல்லூரிகளின் விதிகளையும் அடுத்த தேர்வுத் தேதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க நேரம் இருக்கிறது.