நெட்ஆப் ஸ்டோரேஜில் டிஸ்க்கை ஓர் அரேயிலிருந்து இன்னோர் அரேக்கு மாற்றுவது எப்படி?

பழைய நெட்ஆப் அரே (பல டிஸ்க்குகளைக் கொண்ட ஸ்டோரேஜ் சாதனம்) ஒன்றில் நல்ல டிஸ்க்குகள் சும்மா கிடக்கின்றன. பக்கத்து ரேக்கில் இருக்கும் இன்னொன்றில் ஒரு ஸ்பேர்கூட (மாற்றாகக் காத்திருக்கும் உபரி டிஸ்க்) மிச்சமில்லை. “அதிலிருந்து உருவி இதில் போட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிடுவார்கள். புதிதாக ஸ்டோரேஜ் வேலைக்கு வருபவர்களிடம் முதலில் ஒப்படைக்கப்படும் வேலைகளில் இதுவும் ஒன்று. டிஸ்க்கை உருவிச் செருக இரண்டு நிமிடம் போதும். டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் உண்மையான வேலை, இந்தப் பதிவின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதுதான்.

நெட்ஆப்பின் இயங்குதளமான ஆன்டேப் 9 ஓடும் சாதனத்தை வைத்து விளக்குகிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

அடிப்படை ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. நெட்ஆப்பில் ஒரு டிஸ்க் எந்த கன்ட்ரோலருக்கு (அரேயை இயக்கும் கணினிப் பகுதி) சொந்தம், அதாவது அதன் ஓனர் யார் என்ற தகவல் அந்த டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கும். அது எந்த அக்ரிகேட்டில் (டிஸ்க்குகளைச் சேர்த்து உருவாக்கிய சேமிப்புத் தொகுப்பு), எந்த ரெய்டு குரூப்பில் (டிஸ்க் கெட்டாலும் டேட்டா தப்பும்படி சேர்த்த டிஸ்க் குழு) இருந்தது என்ற லேபிளும் அதிலேயே இருக்கும். வீட்டைக் கைமாற்றிவிட்டுப் பட்டாவைப் பழைய பெயரிலேயே விட்டுவைத்தால் என்ன ஆகுமோ, ஓனரை நீக்காமல் டிஸ்க்கைக் கொண்டுபோனாலும் அதேதான். புதிய அரே அதைத் தன்னுடையதாக ஏற்காது.

படி 1: டிஸ்க் அங்கே பொருந்துமா?

நெட்ஆப்பின் ஹார்ட்வேர் யுனிவர்ஸ் தளத்தில் டிஸ்க்கின் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அந்த கன்ட்ரோலர், அந்த ஷெல்ஃப் (டிஸ்க்குகள் செருகப்படும் பெட்டி), அங்கே ஓடும் ஆன்டேப் பதிப்பு மூன்றுக்கும் அது ஆதரவுப் பட்டியலில் இருக்க வேண்டும். டிஸ்க்கைத் தாங்கும் கேரியரும் ஷெல்ஃபுக்கு ஷெல்ஃப் மாறும். டிஎஸ்4246 ஷெல்ஃபில் இருக்கும் 3.5 அங்குல டிஸ்க், 2.5 அங்குல டிஸ்க்குகளுக்கான டிஎஸ்2246-இல் நுழையவே நுழையாது.

வேறு நிறுவனத்தின் டிஸ்க்கையோ சர்வரில் இருந்த டிஸ்க்கையோ இதில் போட முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். சாதாரண டிஸ்க்கில் ஒரு செக்டார் (டிஸ்க்கில் எழுதப்படும் சிறு துண்டு) பொதுவாக 512 பைட். நெட்ஆப்பின் எஸ்ஏஎஸ் (சர்வர், ஸ்டோரேஜ் சாதனங்களுக்கான இணைப்பு வகை) டிஸ்க்குகளில் அது 520 பைட். கூடுதலான 8 பைட்டுகளும் செக்சம் (டேட்டா சிதையவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) வைப்பதற்கு. எட்டு செக்டார் சேர்ந்த ஒரு 4 கேபி பிளாக்குக்கு 64 பைட் செக்சம் இப்படித்தான் கிடைக்கிறது.

என்எஸ்இ எனப்படும் தானாகவே என்கிரிப்ட் செய்யும் டிஸ்க் என்றால் இன்னும் கவனம் தேவை. அதன் சாவி பழைய அரேயின் கீ மேனேஜரில் இருக்கிறது. அங்கிருந்து முறைப்படி விடுவிக்காமல் எடுத்துப்போனால் புதிய இடத்தில் அது பூட்டியே கிடக்கும். என்எஸ்இ டிஸ்க்குகளை மற்ற வகை டிஸ்க்குகளோடு ஒரே எச்ஏ ஜோடியில் (ஒன்று நின்றால் மற்றது தாங்கும் இரண்டு கன்ட்ரோலர்கள்) கலக்கவும் கூடாது. முதல்முறை செய்பவர்கள் இந்த வகையை அனுபவசாலியோடு சேர்ந்து செய்வதே நல்லது.

படி 2: அது ஸ்பேர்தானா?

இந்தப் படியில் அவசரமே கூடாது. ‘ஸ்டோரேஜ் அக்ரிகேட் ஷோ-ஸ்பேர்-டிஸ்க்ஸ்’ என்று தட்டுங்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் டிஸ்க்கை மட்டுமே எடுக்கலாம். பட்டியலில் இல்லாதது ஏதோவொரு அக்ரிகேட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூட்-டேட்டா பார்ட்டிஷன் போட்ட, அதாவது பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட டிஸ்க்குகளையும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றின் ஒரு பகுதி ஸ்பேராகத் தெரிந்தாலும் இன்னொரு பகுதியில் கன்ட்ரோலரின் சொந்த சிஸ்டம் தகவல்களை வைத்திருக்கும் ரூட் அக்ரிகேட்டே இருக்கலாம்.

ஸ்பேர் இல்லை, டேட்டா டிஸ்க்தான் இருக்கிறது என்றால்? ஆன்டேப்பில் அக்ரிகேட்டுக்கு டிஸ்க் சேர்க்கலாம், ஆனால் அதிலிருந்து குறைக்க முடியாது. அதிலுள்ள வால்யூம்களை (டேட்டா வைக்கும் பிரிவுகள்) எல்லாம் ‘வால்யூம் மூவ்’ கொண்டு வேறு அக்ரிகேட்டுக்கு நகர்த்தி, காலியான அக்ரிகேட்டை அழித்தால்தான் டிஸ்க்குகள் ஸ்பேராகும். ஒரு குறிப்பிட்ட டிஸ்க் மட்டும்தான் வேண்டும், கையில் அதே அளவில் இன்னொரு ஸ்பேர் இருக்கிறது என்றால் ‘ஸ்டோரேஜ் டிஸ்க் ரிப்ளேஸ்’ உதவும். டேட்டாவை நேராக ஸ்பேருக்கு நகலெடுத்து முடித்ததும் பழைய டிஸ்க் விடுபட்டுவிடும். நல்ல வசதி, பலருக்கு இது இருப்பதே தெரிவதில்லை.

பழைய அரே இன்னும் பயன்பாட்டில் இருந்தால், அதன் கடைசி ஸ்பேரை எடுத்துவிடாதீர்கள். நெட்ஆப்பின் ரெய்டு-டிபி என்ற பாதுகாப்பு முறை ஒரே குரூப்பில் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்பேர் இல்லாவிட்டால் போன டிஸ்க்கை மீண்டும் கட்டியெழுப்ப இடம் இருக்காது.

படி 3: துடைத்துவிட்டு ஓனரை நீக்குங்கள்

‘ஸ்டோரேஜ் டிஸ்க் ஜீரோஸ்பேர்ஸ்’ கொடுத்து ஸ்பேர்களை ஜீரோ செய்யுங்கள். 9.4-க்கு முந்தைய பதிப்புகளில் பெரிய டிஸ்க்குகளுக்கு இது மணிக்கணக்கில் ஓடும், முந்தைய நாளே தொடங்கிவிடுங்கள். டிஸ்க் உங்கள் நிறுவனத்தை விட்டே வெளியே போகிறது என்றால் ஜீரோ செய்வது போதாது. டேட்டாவை மீட்க முடியாதபடி அழிப்பதற்கென்றே இருக்கும் சானிடைஸ் முறையைப் பின்பற்ற வேண்டும்.

அடுத்து, ஆட்டோ அசைன். ஆன்டேப் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓனர் இல்லாத டிஸ்க் ஏதாவது இருக்கிறதா என்று தேடும், இருந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஓனரை நீக்கிவிட்டு ரேக் பக்கம் நடந்துபோவதற்குள் அது மறுபடி பழைய பெயருக்கே போய்விடலாம். திரையில் நீக்கியது நினைவிருக்கும், டிஸ்க்கிலோ பழைய ஓனரே எழுதப்பட்டிருக்கும். அதனால் ‘ஸ்டோரேஜ் டிஸ்க் ஆப்ஷன் மாடிஃபை’ கட்டளையில் ஆட்டோஅசைனை ‘ஆஃப்’ ஆக்குங்கள். ஜோடியில் உள்ள இரண்டு நோடுகளிலும் (கன்ட்ரோலர்களிலும்) செய்ய வேண்டும்.

இப்போது ‘ஸ்டோரேஜ் டிஸ்க் ரிமூவ்ஓனர்’, கூடவே டிஸ்க்கின் பெயர். முடிந்ததும் ‘ஸ்டோரேஜ் டிஸ்க் ஷோ’ போட்டு, கன்டெய்னர் வகை ‘அன்அசைன்ட்’ என்று காட்டுகிறதா என்று பாருங்கள். அங்கேயே சீரியல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: கழற்றுதல்

1.0.7 என்ற பெயரில் முதல் எண் ஸ்டாக் (ஒன்றோடொன்று இணைத்த ஷெல்ஃப்களின் வரிசை), அடுத்தது ஷெல்ஃப், கடைசியில் இருப்பது பே (டிஸ்க் செருகும் இடம்). பே எண்கள் 0-வில் தொடங்குகின்றன. 24 டிஸ்க் ஷெல்ஃபில் கடைசி பே 23. விரல் விட்டு எண்ணினால் ஒன்று தள்ளிப்போகும், பக்கத்து டேட்டா டிஸ்க் கையோடு வந்துவிடும். எனவே ‘ஸ்டோரேஜ் டிஸ்க் செட்-எல்இடி’ கொடுத்து அந்த டிஸ்க்கின் விளக்கை எரியவிட்டு அடையாளம் காணுங்கள்.

மணிக்கட்டில் ஆன்டிஸ்டாட்டிக் பட்டையைக் கட்டி, ஷெல்ஃபின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் இணையுங்கள். டிஸ்க்கின் முகப்பில் உள்ள பொத்தானை அழுத்தினால் கைப்பிடி திறக்கும். அதை முழுவதும் திறந்து டிஸ்க்கைக் கொஞ்சம் மட்டும் வெளியே இழுத்து அப்படியே நிறுத்துங்கள். உள்ளே தட்டுகள் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். அவை நின்றபின், சுமார் ஒரு நிமிடம் கழித்து, இரண்டு கைகளாலும் பிடித்து முழுவதும் எடுங்கள். லேபிளில் உள்ள சீரியல் எண்ணைக் குறித்துவைத்ததோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் ஆன்டிஸ்டாட்டிக் பைக்குள் வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்.

பல டிஸ்க்குகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது ஒரு நிமிடம் விடுங்கள். தவறான டிஸ்க்கை எடுத்துவிட்டால் அத்தோடு வேலையை நிறுத்துங்கள். ஸ்பேர் இருந்தால், அதில் டேட்டாவை மீண்டும் கட்டியெழுப்பும் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் தானாகத் தொடங்கும், அது முடியும்வரை அந்த அரேயில் இன்னொரு டிஸ்க்கைத் தொடாதீர்கள்.

படி 5: புதிய அரேயில்

இங்கேயும் ஒவ்வொன்றாகத்தான். கைப்பிடியைத் திறந்தபடி உள்ளே தள்ளி, நின்றதும் கைப்பிடியை மூடுங்கள். பழுதான டிஸ்க்கை எடுத்த அதே பேயில் போடுகிறீர்கள் என்றால், எடுத்தபின் குறைந்தது 70 விநாடி காத்திருந்து போடுங்கள். பழையது போய்விட்டது என்பதை அரே உணர அந்த நேரம் தேவை.

டிஸ்க் ‘அன்அசைன்ட்’ என்று தெரிந்தால் ‘ஸ்டோரேஜ் டிஸ்க் அசைன்’ கொடுத்து நோடின் பெயரைச் சொல்லுங்கள். ஸ்பேர் பட்டியலில் வந்துவிட்டால் முடிந்தது. டிஸ்க்கின் ஃபர்ம்வேர் (அதற்குள்ளேயே ஓடும் மென்பொருள்) பழையதாக இருந்து, புதிய ஃபர்ம்வேர் கோப்பு அரேயில் இருந்தால், ஆன்டேப் பின்னணியில் தானே ஏற்றிக்கொள்ளும்.

சில நேரம் டிஸ்க் ‘புரோக்கன்’ என்று வரும், காரணம் ‘பேட் லேபிள்’. பெரும்பாலும் பழைய அரேயில் ஓடிய ஆன்டேப் பதிப்பு இதைவிடப் புதியதாக இருந்திருக்கும். டிஸ்க்கில் பழுது எதுவும் இல்லை, லேபிளைப் படிக்கத்தான் தெரியவில்லை. அட்வான்ஸ்ட் (கூடுதல் அதிகாரம் கொண்ட கட்டளைகளுக்கான) நிலைக்குப் போய் ‘ஸ்டோரேஜ் டிஸ்க் அன்ஃபெயில்’ கட்டளையை ‘ஸ்பேர்’ தேர்வோடு கொடுத்தால் சரியாகிவிடும். காரணம் லேபிள் தவிர வேறு எதுவாக இருந்தாலும் இந்தக் கட்டளையைத் தொடாதீர்கள். உண்மையிலேயே கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கை ஸ்பேர் என்று நம்பவைத்துவிடும்.

சர்வர்களின் ரெய்டு கார்டிலும் இதே விஷயம் வேறு பெயரில் வரும்: ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ (டிஸ்க்கில் வேறு சாதனத்தின் அமைப்பு இருக்கிறது என்று பொருள்). உள்ளே வேண்டிய டேட்டா இருந்தால் இம்போர்ட், வெற்று டிஸ்க்காகப் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் கிளியர்.

எல்லாம் முடிந்ததும் ‘சிஸ்டம் ஹெல்த் அலர்ட் ஷோ’ காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அரே தொடர்ந்து ஓடப்போகிறது என்றால் அங்கே ஆட்டோ அசைனை மீண்டும் ‘ஆன்’ செய்து, காலியான பேயில் வெற்று மூடியைச் செருகிவிடுங்கள். அந்த இடம் திறந்தே இருந்தால் குளிர்காற்று மற்ற டிஸ்க்குகளைச் சுற்றிப் போகாமல் அதன் வழியாகவே போய்விடும்.