முழங்கால் தசைநாண் கிழிந்தால்: ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்குதான், கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஒரு வாரம் ஓய்வெடுங்கள். முழங்கால் தசைநாண் கிழிந்தவர்கள் பலருடைய கதை இப்படித்தான் தொடங்குகிறது. எலும்பு முறியவில்லை என்று கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது. முதல் தவறு அந்த நிம்மதிதான், ஏனென்றால் தசையை எலும்போடு கட்டும் நார்க்கயிறான தசைநாண் எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது.

விஷயம் இதுதான். முன்தொடைத் தசை ஒரு தடித்த தசைநாணாக மாறி முட்டிச் சில்லின் மேல்விளிம்பைப் பிடித்திருக்கிறது. சில்லுக்குக் கீழே இன்னொரு தசைநாண் இறங்கிக் கீழ்க்கால் எலும்பின் முன்பக்க மேட்டில் பதிந்திருக்கிறது. கிணற்றுக் கப்பியும் கயிறும் மாதிரி, சில்லு கப்பி, தசைநாண் கயிறு. தொடை இழுத்தால் கால் நீளும். கயிறு முழுசாக அறுந்துவிட்டால் தொடை எவ்வளவு இழுத்தாலும் கால் நீளாது. மேலே இருக்கும் தசைநாண் பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கும், கீழே இருப்பது அதைவிட இளையவர்களுக்கு, குறிப்பாகத் தாவி ஓடி விளையாடுகிறவர்களுக்கும் கிழிகிறது. படியில் கால் இடறி, விழாமல் சமாளிக்கத் தொடையை இறுக்கும் அந்த நொடியில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள்.

எனவே டாக்டரிடம் போனதும் ஒன்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல், குதிகாலைப் படுக்கையிலிருந்து தூக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அது சுளுக்கு என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வலியால்கூட சில சமயம் தூக்க வராது. அப்படிச் சந்தேகம் வந்தால் முட்டியில் தேங்கிய ரத்தத்தை எடுத்துவிட்டு, மரத்துப்போகும் ஊசி போட்டு மறுபடி தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள். சில்லுக்கு மேலேயோ கீழேயோ விரல் வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படலாம், வீக்கம் அதிகமாக இருந்தால் பள்ளம் மறைந்துவிடும். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் சில்லு வழக்கமான இடத்தைவிட மேலேறியோ கீழிறங்கியோ இருப்பது தெரியலாம். உறுதி செய்ய அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ.

'நடக்கிறாரே, அப்புறம் என்ன?' என்பார்கள் சிலர். எங்கள் மாமா பஸ் படியில் இறங்கும்போது இடறி இது நடந்தது. அடுத்த நாளே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆனால் எப்படி நடந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை: காலைக் குச்சி மாதிரி விறைப்பாக வைத்து, இடுப்பிலிருந்து வீசி வீசி வைத்தார், முட்டி லேசாக மடங்கினாலும் அப்படியே சரிந்தார். முதலில் காட்டிய கிளினிக்கில் அவரை நடக்கவைத்தும் பார்க்கவில்லை, காலைத் தூக்கவும் சொல்லவில்லை. வலி மாத்திரை சாப்பிட்டதும் வலி குறைந்ததால் நாங்களும் சரியாகி வருகிறது என்றே நினைத்தோம். இந்தக் காயத்தில் வலி ஒரு நம்பகமான அளவுகோலே இல்லை. முழுசாகக் கிழிந்த தசைநாண் சில நாளில் வலியைக் குறைத்துக்கொள்ளும். பாதி கிழிந்தது அதைவிட அதிகமாக வலிக்கலாம். இதை மனதில் வைத்தால் மீதித் தவறுகளில் முக்கால்வாசி தானாகவே தவிர்ந்துவிடும்.

அடுத்தது எண்ணெய் போட்டு உருவிவிடுவது. சுளுக்கு எடுக்கிறவரிடம் கூட்டிப்போவது, கட்டுப் போடும் இடத்துக்குப் போவது, முதல் இரண்டு மூன்று நாளிலேயே சூடாக ஒத்தடம் கொடுப்பது. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் புதிதாகக் கிழிந்த இடத்தை அழுத்தி உருவினால் ரத்தக்கசிவும் வீக்கமும்தான் கூடும். பாதி கிழிந்ததை இழுத்து முழுசாகக் கிழித்துவிடவும் வழி உண்டு. முதல் நாட்களில் வேண்டியது காலை நீட்டி அசையாமல் வைப்பது, உயர்த்தி வைப்பது, துணியில் சுற்றிய ஐஸ், டாக்டர். அவ்வளவுதான்.

சரி, ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா? இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது.

முழுசாகக் கிழிந்து, காலை நீட்டவே முடியவில்லை என்றால், தானாக ஒட்டிக்கொள்ளும் என்று காத்திருப்பது பெரிய தவறு. மேல் துண்டைத் தொடைத் தசை இழுத்துக்கொண்டு போய்விடும், இடைவெளியில் தழும்புத் திசு நிரம்பும், தசை சுருங்கும். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்தால் பெரும்பாலும் கிழிந்த முனையைச் சில்லோடு சேர்த்து, எலும்பில் துளை போட்டோ, நூலைப் பிடித்துக்கொள்ள எலும்பில் பதிக்கும் சிறிய ஆங்கர்கள் வைத்தோ, வலுவான நூலால் தைத்துவிட முடிகிறது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டவைக்கிற பெரிய வேலையாகிவிடும், பலனும் குறையும். நல்ல நாள் பார்ப்பது, ஊரிலிருந்து அண்ணன் வரட்டும் என்று இருப்பது, கல்யாணம் முடியட்டும் என்பது எல்லாம் அந்த இரண்டு மூன்று வாரத்தைத்தான் தின்கின்றன. 1997 மார்ச்சில் அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டன் ஃப்ளோரிடாவில் ஒரு வீட்டுப் படியில் தடுமாறி, வலது முட்டியின் மேல் தசைநாணைக் கிழித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50. அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். அடுத்த வாரம் ஹெல்சின்கியில் ரஷ்ய அதிபர் எல்ட்சினைச் சந்திக்கச் சக்கர நாற்காலியில் போனார், அதன்பிறகும் பல வாரம் ஊன்றுகோலோடுதான் இருந்தார். நாட்டையே ஆளுகிறவருக்கும் குறுக்குவழி இருக்கவில்லை.

இன்னொரு பக்கம், எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பயந்துபோய் உடனே கத்தி வைக்கச் சொல்வது. பாதி கிழிசலாக இருந்து, காலை நீட்டியபடி தூக்க முடிகிறது என்றால், பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே ஆறும். ரிப்போர்ட்டைவிடக் கால் என்ன செய்கிறது என்பதற்குத்தான் எடை அதிகம். பக்கத்து வீட்டுத் தம்பி கிரிக்கெட்டில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் இல்லாமலே ஓடுகிறான் என்ற கதையையும் இங்கே கொண்டுவராதீர்கள். அவனுக்குக் கிழிந்தது அநேகமாக முட்டிக்குள் எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட், அதன் கணக்கு வேறு.

ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கவலையாக இருக்கும். கத்தி வைக்காதவருக்கும் கால் நேராக இருக்கும்படி நீளமான பிரேஸ் போட்டு, வழக்கமாக 3 முதல் 6 வாரம் வரை காக்க வேண்டும், பிறகு படிப்படியாக மடக்கிப் பழகி, பலமும் ஏற்ற வேண்டும். தையல் போட்டவர் நடக்கும் அதே பாதைதான், தையல் மட்டும் கிடையாது. மருந்துக்கடையில் கிடைக்கும் இழுபடும் துணி முட்டி உறை இதற்குப் போதாது, அது மடங்குவதைத் தடுக்காது.

பிரேஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், வீட்டில் நடக்கும் தவறுகள் அதிகம் இங்கேதான். நம் வெயிலில் வியர்த்து, தொடை இளைத்து, பிரேஸ் மெல்ல மெல்ல வழுக்கிக் கீழே இறங்கும். பக்கவாட்டில் இருக்கும் கீல் முட்டியின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும், அது கெண்டைக்காலுக்கு வந்துவிட்டால் பூட்டியும் பயனில்லை. உள்ளே ஒரு பருத்தி உறை போட்டு, எழுந்து நிற்கும் முன் ஒவ்வொரு முறையும் கீல் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று கழற்றாதீர்கள், தூக்கக் கலக்கத்தில் பாத்ரூமுக்கு எழும்போதுதான் சறுக்கல் நடக்கும். குளியலறை ஈரத் தரையில் பிரேஸ் இல்லாமல் நிற்காதீர்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக் குளிக்கலாம்.

அப்புறம் தலையணை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் லேசாக மடங்கியே இருந்து, பிறகு முழுசாக நீளாமல் போய்விடும். கடைசிச் சில டிகிரி நீளாத கால் ஒவ்வொரு அடியிலும் நொண்டவைக்கும். உயர்த்த வேண்டும் என்றால் குதிகாலுக்குக் கீழே வையுங்கள்.

பயந்துபோய் அசையாமலே கிடப்பதும் கெடுதல். டாக்டர் அனுமதித்தால் பாதத்தை மேலும் கீழும் ஆட்டலாம், தொடையை இறுக்கித் தளர்த்தலாம். பிரேஸைப் பூட்டியபடி வாக்கர் பிடித்து எடை வைத்து நடக்கவும் பல டாக்டர்கள் ஆரம்பத்திலேயே விடுவார்கள். அசையாத காலில் ரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ பிசியோ வரும் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதற்கு நேர்மாறான ஆர்வக்கோளாறும் உண்டு. 'இன்னும் மடங்கவில்லையே' என்று உறவினர் ஒருவர் காலைப் பிடித்து அழுத்துவார். ஆறும் தசைநாண் மடக்கும்போது இழுபடுகிறது, தையலை வலுக்கட்டாயமாக இழுத்தால் நடுவில் இடைவெளி விழுந்து நீண்டுவிடும். பிறகு கால் மடங்கும், ஆனால் முழுசாகத் தூக்க வராது. வழக்கமாக 30 டிகிரியில் ஆரம்பித்து, வாரம் வாரம் கூட்டி, ஆறாவது வாரம் சுமாராக 90 டிகிரிக்குக் கொண்டுவருவார்கள். உங்கள் தையல் எவ்வளவு உறுதி என்று உள்ளே பார்த்தவர் சர்ஜன் மட்டுமே, ஆகவே அவர் போட்ட எல்லைதான் எல்லை. யூடியூபில் வேறொருவருக்குச் சொன்ன பயிற்சி உங்களுக்கு ஆகாது.

ஆனால் என்னைக் கேட்டால் மிக ஆபத்தான காலம் ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை. வலி போயிருக்கும், பிரேஸ் கழற்றியிருப்பார்கள், வீட்டில் எல்லோரும் சாதாரணமாகிவிட்டிருப்பார்கள். தசைநாண் ஒட்டியிருக்கும், உறுதிப்பட்டிருக்காது. தொடையோ இளைத்திருக்கும். மாமாவுக்கு இரண்டு தொடையிலும் சில்லுக்கு மேலே ஒரே உயரத்தில் பேனாவால் கோடு போட்டு, தையல்காரர் டேப்பால் சுற்றளவு எடுத்தார் பிசியோ. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் டேப்பில் அப்பட்டமாகத் தெரிந்தது, அதைப் பார்த்தபிறகுதான் அவரே படியில் கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்தார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில், கை எப்போதும் கைப்பிடியில். தரையில் சம்மணம் போடுவது, இந்தியன் டாய்லெட்டில் குந்துவது, வண்டியைக் கிக்கர் உதைத்துக் கிளப்புவது எல்லாம் இந்தக் கட்டத்தில் கூடவே கூடாது. குந்தி எழும்போது தசைநாண் மேல் விழும் சுமை, சமதரையில் நடப்பதைப் போலப் பல மடங்கு. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லை என்றால், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் முன்பே டாய்லெட் நாற்காலி ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.

பிரேசில் வீரர் ரொனால்டோவின் முட்டியைக் கால்பந்து பார்க்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1999 நவம்பரில் இன்டர் மிலானுக்கு ஆடும்போது சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண் பாதி கிழிந்தது, ஆபரேஷன் நடந்தது. 2000 ஏப்ரல் 12, லாட்சியோவுக்கு எதிரான ஆட்டத்தில் திரும்பி வந்தார், சில நிமிடத்திலேயே பந்தோடு ஓடும்போது அதே தசைநாண் முழுசாக அறுந்து விழுந்தார். அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. 2002 உலகக் கோப்பையில் 8 கோல் போட்டாரே, அது இந்த நீண்ட காத்திருப்புக்குப் பிறகு வந்தது. அவருக்கு அன்று எதனால் அறுந்தது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை, ஆனால் ஐந்து மாதம் ஆன தசைநாண்கூட மறுபடி அறுந்துபோகலாம். ஓட்டம், தாவல், பேட்மின்டன் எல்லாம் பொதுவாக ஆறு மாதத்துக்குப் பிறகு, அதுவும் இரண்டு தொடையின் பலமும் ஏறக்குறைய சமமானபிறகு. காலண்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கால் மடங்க ஆரம்பித்ததும் பிசியோவை நிறுத்திவிடுவது நம்மிடம் ரொம்பச் சகஜம். செலவு, அலைச்சல், புரிகிறது. வாரம் ஒருமுறை போய் அடுத்த கட்டப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் செய்யலாம், ஆனால் நிறுத்தக் கூடாது. மடங்குவது சில மாதத்தில் வந்துவிடும், பலம் திரும்ப ஒரு வருஷம் வரைகூட ஆகும்.

கடைசியாக, ஏன் கிழிந்தது என்று யாரும் கேட்பதே இல்லை. ஆரோக்கியமான தசைநாண் லேசில் அறுவதில்லை. சர்க்கரை, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி அதிகமாகச் சுரப்பது, யூரிக் அமிலம் கூடுவது, முடக்குவாதம் எல்லாம் அதை உள்ளிருந்து பலவீனமாக்குகின்றன. சிறு தடுமாறலில் கிழிந்திருந்தாலோ, இரண்டு முட்டியிலும் ஒரே சமயத்தில் கிழிந்திருந்தாலோ ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளும் தசைநாணைப் பாதிக்கலாம், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே இதற்குக் கடுமையான எச்சரிக்கை போட்டது. வயது 60ஐத் தாண்டி, கூடவே ஸ்டீராய்டும் சாப்பிட்டால் ஆபத்து இன்னும் கூடும். சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ இந்த மாத்திரையைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஜிம்மில் தசை ஏற்ற ஊசி போட்டிருந்தால் கூச்சப்படாமல் சர்ஜனிடம் சொல்லுங்கள். தசைநாணிலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி போய்விடும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சிகரெட்டும் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

அடுத்த முறை எந்த டாக்டரிடம் காய்ச்சலுக்குப் போனாலும் 'எனக்கு முட்டித் தசைநாண் கிழிந்திருக்கிறது' என்பதை முதலிலேயே சொல்லி, வேறு ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தச் சில மாதங்களில் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.