மீன்கடை ஐஸும் ஐம்பது அடிச் சுருளும்

மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில், பழைய தோட்டத்து லயத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. தீபாவளிக்கு நானே காய்ச்சிய பீரை 19 லிட்டர் கெக்கில், அதாவது உலோகப் பீப்பாயில், அடைத்துப் பந்தலில் வைப்பேன். பிரிட்ஜில் கெக்குக்கு இடமில்லை. அங்கே அம்மாவின் ஆட்டிறைச்சிதான் முதலாளி. அதனால் ஊற்றும்போதே குளிர வைக்கிறேன்.

மீன் பிடிக்கப் போகிறவர்கள் வைத்திருக்கும் ஐஸ் பெட்டி ஒன்று. உள்ளே 50 அடி நீளத்துக்கு 3/8 அங்குல எவர்சில்வர் குழாய்ச் சுருள். ஒரு முனை கெக்குக்கு, மறுமுனை பெட்டிச் சுவரில் மாட்டிய டேப்புக்கு.

ஐஸைச் சுருள் மூடும்வரை கொட்டுங்கள். பிறகு தண்ணீரும் ஊற்ற வேண்டும். ஐஸ் மட்டும் என்றால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் நிற்கும், குழாயைத் தொடாது. 30 டிகிரியில் இருக்கும் 19 லிட்டரை 4 டிகிரிக்கு இறக்கவே ஆறு கிலோ ஐஸ் கரைந்துவிடும். வெயிலையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோ வாங்கிவிடுவேன், மீன்கடையில்தான். வாடை குழாய்க்குள் போகாது. கிளாஸில் மட்டும் அந்த ஐஸைப் போட்டுவிடாதீர்கள். அரைமணிக்கு ஒருமுறை அகப்பையால் கிளறுங்கள். தண்ணீர் 4 டிகிரியில்தான் கனம் அதிகம். கிளறாவிட்டால் அது அடியிலேயே தங்கிவிடும்.

உப்பு வேண்டாம். ஒரு வருஷம் மாமா, "என்ன மாப்ளே, ஐஸ்கிரீம்காரன் உப்பு போடாமலா செய்யிறான்?" என்று இரண்டு பிடி அள்ளிப் போட்டார். உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, சுருளுக்குள் பீர் உறைந்துபோனது. பந்தலில் முப்பது பேர், டேப்பில் ஒரு சொட்டு இல்லை. வெந்நீர் ஊற்றித்தான் மீட்டோம்.

கெக்கிலிருந்து பீரைத் தள்ளுவது கார்பன் டை ஆக்சைடு கேஸ். அதன் அழுத்தத்தில் நான் பட்டது வேறு. பிரிட்ஜில் வைக்கும் கெக்குக்கு 12 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும் என்று படித்து, அதையே வைத்தேன். வெறும் நுரை. சூடான பீர் கேஸைப் பிடித்து வைக்காது, அழுத்தம் குறைந்ததும் பிரிந்துவிடும். வெயிலில் நிற்கும் கெக்குக்கு 30 முதல் 35 வரை வையுங்கள். நீளமான சுருள் அந்த வேகத்தைத் தடுத்துக்கொள்ளும். ஈரச்சாக்கு போர்த்தினால் இன்னும் நல்லது. டேப்பை முழுதாகத் திறங்கள், பாதி திறந்தாலும் நுரைதான்.

சுருளுக்குள் முக்கால் லிட்டர் நிற்கும். அந்த முதல் இரண்டு கிளாஸ்தான் நன்றாகச் சில்லென்று வரும். மாமாவுக்கு இது தெரியும், முதல் ஆளாக வந்து நிற்பார். தொடர்ந்து ஊற்றினால் குளிர் குறையும். கொஞ்சம் விட்டு விட்டு ஊற்றுங்கள்.

அன்றிரவே சுருளுக்குள் வெந்நீர் விட்டு, அதே கேஸால் ஊதிக் காய வைத்துவிடுங்கள். நம்ம ஊர் ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும்.